வகுப்பறையில் ஆசிரியரின் கட்சி அரசியல்: டர்பன் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

"பள்ளிக்கூடத்தில் அரசியலே கூடாது" என்று நம் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் அதையே சொல்லிவிட்டு, டீ வந்ததும் ஒரு மணி நேரம் அரசியல்தான் பேசுவார்கள். தென்னாப்பிரிக்காவில் அரசியல் இல்லாத பள்ளிக்கூடம் நடத்த முடியாது. கிரேடு 9 வரலாற்றில் 1948, 1960, 1976, 1990 ஆகிய திருப்புமுனைகள் பாடமாகவே இருக்கின்றன. கிரேடு 12இல் எழுபது, எண்பதுகளின் மக்கள் எதிர்ப்பும், அதற்குப் பின் ஜனநாயகம் வந்த கதையும் வருகின்றன. லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தில் ஜனநாயகமும் மனித உரிமைகளும் தனித் தலைப்பு. 16 வயதிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், 18இல் ஓட்டுப் போடலாம். ஆகவே ஓட்டுச் சாவடிக்குப் போகப் போகிற பிள்ளைகள்தான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் ஆசிரியர் எதை வேண்டுமானாலும் பேசலாமா? கூடாது. எங்கே கோடு விழுகிறது, அதைத் தாண்டினால் யாரிடம் போவது, எப்படிப் பேசுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆசிரியரோடு உடன்படாத பிள்ளை அந்த வகுப்பில் பயமில்லாமல் கை தூக்க முடிகிறதா, முழு மதிப்பெண் வாங்க முடிகிறதா? இரண்டுக்கும் "முடிகிறது" என்றால் ஆசிரியர் என்ன கட்சி என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை.

படி 1: நடந்தது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

வீட்டுக்கு வரும் புகார் எல்லாம் "சார் பாலிடிக்ஸ் பேசினார்" என்று ஒரே மாதிரிதான் வரும். அதற்குள் மூன்று விஷயம் கலந்து கிடக்கும்.

முதலாவது, பாடம். 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்து, கறுப்பினத்தவரை வெளியே நிறுத்திய மூன்று அவை நாடாளுமன்றம் வந்தபோது, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிரசாரம் செய்தது. அதில் நின்றவர்களை அன்று பலர் துரோகிகள் என்றார்கள். வகுப்பில் இதைச் சொன்னால், தாத்தா அந்தத் தேர்தலில் நின்றிருந்த ஒரு பிள்ளைக்கு முகம் சுருங்கலாம். அதற்காக அது பாடம் இல்லை என்று ஆகிவிடாது. வரலாறு வலிக்கிறது என்பது புகாருக்குக் காரணம் ஆகாது.

இரண்டாவது, ஆசிரியரின் சொந்தக் கருத்து. "நான் இந்த அரசை நம்பவில்லை", "கோட்டா முறை எனக்குச் சரியாகப் படவில்லை" என்கிற மாதிரி. அரசியலமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையும், 19ஆம் பிரிவு தரும் அரசியல் உரிமையும் ஆசிரியருக்கும் உண்டு. அவர் கட்சி உறுப்பினராக இருக்கலாம், சனிக்கிழமை வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கலாம். வகுப்பில் எப்போதாவது தன் கருத்தைத் தன் கருத்து என்று சொல்லிவிட்டுச் சொல்வதையும் சட்டம் தடுக்கவில்லை. அதை எப்படிச் சொன்னார், எத்தனை முறை சொன்னார், மறுத்துப் பேசிய பிள்ளைக்கு என்ன ஆனது என்பதுதான் பார்க்க வேண்டியது.

மூன்றாவது, கட்சி வேலை. இங்கே சட்டம் கறாராக இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தில் 2007இல் 33ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பள்ளி நேரத்தில் கட்சிப் பிரசாரம், கூட்டம், துண்டறிக்கை கொடுப்பது, போஸ்டர், பேனர் மாட்டுவது எதுவும் கூடாது. பாடத்திட்டத்தோடு தொடர்பு இருந்தால் ஒழிய கட்சிப் பொருள் எதையும் வளாகத்தில் காட்சிக்கு வைக்கவும் கூடாது. அந்த விதிவிலக்கைக் கவனியுங்கள். 1994 தேர்தல் போஸ்டர்களை வரலாற்று வகுப்பில் சுவரில் ஒட்டி, "இவற்றின் மொழியை ஒப்பிடு" என்று கேட்டால் அது பாடம். நாளைக்கு நிற்கப்போகும் வேட்பாளரின் போஸ்டரை அதே சுவரில் ஒட்டினால் அது பிரசாரம்.

இடையில் சில சிக்கலான இடங்கள் உண்டு. சாட்டூ என்ற ஆசிரியர் சங்கத்தின் டீ-ஷர்ட்டோடு ஆசிரியர் வந்தால்? அந்தச் சங்கம் கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இருக்கிறது, கொசாட்டு ஏஎன்சி கட்சியின் கூட்டணியில் இருக்கிறது. ஆனாலும் அது தொழிற்சங்கச் சட்டைதான், கட்சிச் சட்டை இல்லை. நான் அதற்காக சண்டைக்குப் போகமாட்டேன். காஸா விவகாரமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்க அரசே இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அதை வகுப்பில் பேசாமல் இருப்பதுதான் விநோதம். ஆனால் "எல்லாரும் நாளை இந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு வரணும்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், எந்தப் பக்கத்து பேட்ஜாக இருந்தாலும், அது கட்டாயப்படுத்தல்.

இந்த மூன்றுக்கும் வெளியே நான்காவது ஒன்று இருக்கிறது. அதை அரசியல் என்று சொல்வதே தவறு: இனத்தை இழிவாகப் பேசுவது. இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

படி 2: உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்

அதே ஆசிரியர் அதே தொனியில் நீங்கள் ஓட்டுப் போடுகிற கட்சியைப் புகழ்ந்திருந்தால் இந்தப் புகாரை எழுதுவீர்களா? "மாட்டேன்" என்பது பதிலானால் கொஞ்சம் பொறுங்கள். நான் கேட்ட புகார்களில் நிறைய இந்த ரகம்தான். பெற்றோருக்குப் பிடிக்காத கருத்தோடு பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது, அதற்கு ஆசிரியர் மேல் கோபம். பதினாறு வயதுப் பிள்ளை அப்பாவோடு ஒத்துப்போகாமல் இருக்க ஆசிரியர் எதற்கு? வயசு போதும்.

நம் வீட்டுப் பெரியவர்களின் பயம் வேறு மாதிரி. 1965இல் இந்தியர் கல்விச் சட்டம் வந்து நம் பள்ளிகள் இந்திய விவகாரத் துறையின் கீழ் போயின. அரசை விமர்சித்தால் வேலைக்கு ஆபத்து என்று ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு பாடம் எடுத்த காலம் அது. 1980 பள்ளிப் புறக்கணிப்பில் டர்பன் பக்கத்து இந்தியப் பள்ளிகளும் சேர்ந்தபோது, எந்த ஆசிரியர் எந்தப் பக்கம் என்பது வெளியே தெரிந்துவிட்டது. அந்தத் தலைமுறை "அரசியல் வேண்டாம்" என்று சொன்னால் அதற்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. அதை மதிக்கலாம், ஆனால் இன்றைய வகுப்புக்கு அதை அப்படியே விதியாக்கக் கூடாது.

படி 3: பிள்ளையிடம் கேளுங்கள், ஆனால் விசாரணை நடத்தாதீர்கள்

காரில் வரும்போது, "உங்க சார் ஏஎன்சியா, டிஏவா, எம்கேவா?" என்று ஆரம்பித்தால் முடிந்தது. பிள்ளை உங்களுக்கு எது வேண்டும் என்று கண்டுபிடித்து அதைத் தரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அப்போ என்ன பாடம் நடந்துட்டிருந்தது?"

"எலெக்ஷன் பத்தி. ஒரு பையன் கேட்டான், சார் நீங்க யாருக்குப் போடுவீங்கன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"முதல்ல சிரிச்சார். அப்புறம் சொன்னார்."

"யாராவது இல்லைன்னு பேசினாங்களா?"

"ஒரு பொண்ணு பேசினா. அது தப்புன்னா. சார் ஏன்னு கேட்டார். அவ சொன்னா. அப்புறம் பெல் அடிச்சிட்டாங்க."

இதைக் கேட்டால் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கேட்டதற்கு ஆசிரியர் பதில் சொன்னார், மறுத்த பெண்ணிடம் காரணம் கேட்டார். "ஏன்னு கேட்டார்" என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதும். இதுவே, "அந்தப் பொண்ணு பேசினப்போ எல்லாரையும் சிரிக்க வெச்சார்" என்று வந்திருந்தால் கதை வேறு.

கேட்டதை அன்றே தேதி, பீரியட், பாடம், சொன்ன வார்த்தைகள் என்று குறித்து வையுங்கள். பிள்ளைக்கு நினைவில்லாததை நீங்கள் நிரப்பாதீர்கள். ஃபோனில் ரகசியமாகப் பதிவு செய்யச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ஆசிரியர் மேல் வர வேண்டிய விசாரணை பள்ளியின் ஃபோன் விதியை மீறிய உங்கள் பிள்ளை மேல் திரும்பும், வகுப்பில் அது ஒற்றன் என்ற பெயரோடு வருஷம் முழுக்க இருக்கும்.

ஒரு முறை நடந்ததா, வாரா வாரம் நடக்கிறதா என்பது முக்கியம். இன்னொரு பெற்றோரிடம் கேட்கலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். ஆசிரியர் அதே குழுவில் கட்சி மீம் அனுப்பியிருந்தால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் சண்டை வேண்டாம்.

படி 4: மதிப்பெண்ணைப் பாருங்கள்

பெரும்பாலான பெற்றோர் இங்கே வருவதே இல்லை, ஆனால் உண்மையான சேதம் நடக்கக்கூடிய இடம் இதுதான்.

மெட்ரிக், அதாவது கிரேடு 12 வரலாற்றில் பள்ளி அளவிலான மதிப்பீடு 25 சதவீதம், இறுதித் தேர்வு 75 சதவீதம். இறுதித் தாளைத் திருத்துவது உங்கள் பிள்ளையின் ஆசிரியர் இல்லை, பெயர் தெரியாத வேறொருவர். கட்டுரைக்கு 50 மதிப்பெண். அதில் பார்ப்பது வாதம் ஒரே கோட்டில் போகிறதா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான். ஆகவே வரலாற்று ஆசிரியர் கொஞ்சம் சாய்ந்தாலும் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வேலி இருக்கிறது. அதோடு, ஆசிரியர் சொன்ன கருத்தை மட்டும் மனப்பாடம் செய்து எழுதினால் அங்கே மதிப்பெண் வராது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லலாம்.

லைஃப் ஓரியன்டேஷன் அப்படி இல்லை. அதன் மதிப்பெண் முழுவதும் பள்ளியிலேயே போடப்படுகிறது. "வன்முறைக்கு யார் காரணம்? உன் கருத்தை எழுது" என்று ஒரு அசைன்மென்ட் வந்தால், திருத்தும் கை ஒன்றுதான். அந்தப் பாடத்தில் கருத்துக்காக மதிப்பெண் குறைந்தது என்ற சந்தேகம் வந்தால் உடனே பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? அசைன்மென்ட்டோடு ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணை, கொடுத்திருப்பார்கள். பிள்ளையின் தாளையும் ரூப்ரிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்று பாருங்கள். "ஆதாரம் இல்லை" என்று குறைத்திருந்தால் ஆதாரம் இருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, பிள்ளைகள் கூகுளில் பார்த்த முதல் பத்தியை எழுதியிருப்பார்கள். ரூப்ரிக்கில் இல்லாத காரணத்துக்காக, "இந்தக் கருத்து ஏற்புடையதல்ல" என்கிற மாதிரி சிவப்பு மையில் எழுதிக் குறைத்திருந்தால், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நகல் எடுத்து வையுங்கள். வகுப்பில் யார் என்ன சொன்னார் என்பதை மறுக்கலாம், சிவப்பு மையை மறுக்க முடியாது.

படி 5: முதலில் ஆசிரியரிடமே போங்கள்

நேராகப் பிரின்சிபாலிடம் போனால் வேகமாக முடியும் என்று தோன்றும். முடியாது. அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆசிரியரிடம் பேசினீர்களா?" என்பதுதான்.

கடிதம் நாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், ஆனால் அதில் இருக்க வேண்டிய விஷயம் இவ்வளவுதான்:

"வணக்கம் சார். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்ததாக மகள் சொன்னாள். ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் புத்தி இல்லை என்று நீங்கள் சொன்னதாக அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். அவள் முழுதாகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. எந்தப் பாடத்தின்போது இது வந்தது, நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரம் பத்து நிமிஷம் நேரில் பேச முடியுமா?"

இதில் 33ஏ வரவில்லை. பிரின்சிபாலுக்கு நகல் போகவில்லை. குற்றச்சாட்டும் இல்லை, "அவள் புரிந்துகொண்டிருக்கிறாள்" என்றுதான் இருக்கிறது. ஆசிரியருக்குக் கௌரவமாகப் பின்வாங்க இடம் விட்டுவைத்தால் பத்தில் எட்டு விவகாரம் இந்த அறையிலேயே முடியும் என்பது என் எண்ணம்.

நேரில் போகும்போது ஒரே ஒரு வேண்டுகோளோடு போங்கள். "உங்கள் கருத்தை மாற்றுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. "வேறு மாதிரி நினைக்கிற பிள்ளையும் பேச இடம் கொடுங்கள்" என்று கேட்கலாம். "மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று கேட்கலாம். முடிந்ததும் பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலில் அனுப்பி, நன்றி சொல்லிவிடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அது இருக்கும்.

படி 6: மேலே போக வேண்டி வந்தால்

வரிசை இப்படி: பாடத்துறைத் தலைவர், பிரின்சிபால், எஸ்ஜிபி என்ற பள்ளி நிர்வாகக் குழு, மாகாணக் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகம். மதிப்பெண் பிரச்சினை என்றால் பாடத்துறைத் தலைவரோடு முடிந்துவிடும், அவர் தாளை இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். போஸ்டர், துண்டறிக்கை, பிரசாரம் என்றால் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள். 33ஏவைக் குறிப்பிட வேண்டிய இடம் இதுதான்.

எஸ்ஜிபியைப் பற்றி நம்மிடையே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அதில் பெற்றோர் பிரதிநிதிகள் மற்ற வாக்குரிமை உறுப்பினர்கள் எல்லாரையும் கூட்டினாலும் ஒருவர் அதிகமாக இருப்பார்கள், ஆகவே பலம் நம்மிடம்தான். ஆனால் அன்றாடப் பாடம் நடத்துவதும் ஆசிரியரைக் கண்டிப்பதும் அதன் வேலை இல்லை, அது பிரின்சிபாலுக்கும் கல்வித் துறைக்கும் உரியது. எஸ்ஜிபியால் செய்யக்கூடியது விதி வகுப்பது: தேர்தல் காலத்தில் வெளியாட்களை அழைக்கும் முறை, வாட்ஸ்அப் குழுவில் எதைப் போடலாம் என்பது, பள்ளி நிகழ்ச்சியில் வேட்பாளரை மேடையேற்றலாமா என்பது. இதையெல்லாம் தேர்தலுக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு விதி எழுதினால் அது யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகத்தான் தெரியும்.

கடைசிக் கதவு சேஸ், அதாவது தென்னாப்பிரிக்க ஆசிரியர் கவுன்சில். பள்ளியில் பாடம் எடுக்கிற ஒவ்வொருவரும் அதில் பதிந்திருக்க வேண்டும். மாணவரின் கண்ணியத்தையும் நம்பிக்கைகளையும் அரசியலமைப்பு உரிமைகளையும் மதிக்க வேண்டும், அவமானப்படுத்தக் கூடாது என்று அதன் நெறிமுறை சொல்கிறது. "அவர் இந்தக் கட்சியை ஆதரிக்கிறார்" என்று சேஸுக்கு எழுதினால் ஒன்றும் நடக்காது. "மறுத்துப் பேசியதற்காக என் மகனை மூன்று முறை எழுப்பி நிற்க வைத்துக் கிண்டல் செய்தார், தேதிகள் இவை" என்று எழுதினால் அதை நெறிமுறையோடு பொருத்திப் பார்க்க அவர்களுக்கு ஏதாவது இருக்கும்.

இனம் என்று வந்தால் படிகளைத் தாண்டுங்கள்

2021 ஜூலைக் கலவரத்தில் குவாஸூலு-நடாலிலும் கௌடெங்கிலும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பன் பக்கத்தில் இந்தியர் நிறைய வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் முப்பதுக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பள்ளிகள் பலவற்றில் இன்று ஸூலு பேசும் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள், ஆசிரியர்களில் நம் ஆட்கள் நிறைய. அந்த வகுப்பில் ஒரு இந்திய ஆசிரியர் "அவங்க", "நம்ம ஆளுங்க" என்று பிரித்துப் பேசினால் நம் பிள்ளை அதை வீட்டில் சொல்லவே சொல்லாது. அதற்கு வலிக்கவில்லையே. பக்கத்து பெஞ்ச் பிள்ளைக்குத்தான் வலித்தது.

இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நமக்கு எதிராகப் பேசினால் மட்டும் புகார் எழுதுவோம் என்றால் இந்த வழிகாட்டியே வீண். இனம், மதத்தின் பேரில் வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கு அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு பாதுகாப்புத் தரவில்லை. அப்படி ஒன்று நடந்தால், யார் சொன்னாலும் யாரைச் சொன்னாலும், ஆசிரியரோடு டீ குடித்துப் பேசும் படியை விட்டுவிட்டு நேராகப் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே அசையவில்லை என்றால் மனித உரிமை ஆணையமும் சமத்துவ நீதிமன்றமும் இருக்கின்றன. இரண்டுக்கும் வக்கீல் கட்டாயமில்லை.

படி 7: நம் சொந்தத் தமிழ் வகுப்பு

பள்ளிச் சட்டம் கிரேடு ஆர் முதல் 12 வரை நடத்தும் பள்ளிகளுக்கானது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் தமிழ் வகுப்புக்கு 33ஏ வராது, சேஸ் வராது, எஸ்ஜிபி கிடையாது. கேட்க ஆளில்லாத இடம் என்பதால்தானோ என்னவோ, கட்சி அரசியல் அங்கேதான் தாராளமாக நடக்கிறது.

அங்கே வருகிற அரசியல் பாதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசிரியர் திமுகவா அதிமுகவா என்பது பாடம் நடத்தும்போதே தெரிந்துவிடும். இன்னொருவர் இந்தி எதிர்ப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், எதிரே ஹிந்தி பேசிய பாட்டியின் பேரன் உட்கார்ந்திருப்பான். இங்கே கலப்புக் குடும்பங்கள் எத்தனை! ஈழப் போரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, பேசவும் வேண்டும். ஆனால் அ, ஆ எழுதிப் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இயக்கக் கொடி வரையக் கொடுப்பது பாடம் இல்லை.

கமிட்டிக்கு நான் சொல்வது இவ்வளவு: ஒரு பக்கத்தில் விதி எழுதுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே தற்காலக் கட்சி அரசியல் வேண்டாம். மேலே உள்ளவர்களுக்கு வரலாறு சொல்லுங்கள், முடிந்தவரை இந்த மண்ணின் வரலாறாக இருக்கட்டும். 1860 நவம்பர் 16இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது, காந்தியின் சத்தியாகிரகத்தில் தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனது, அதே போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை 1914இல் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து இறந்தது. இதில் இல்லாத அரசியலா? இதைப் படித்த பிள்ளைக்கு எந்தக் கட்சியையும் கேள்வி கேட்கத் தெரியும்.

அப்புறம் பொங்கல் விழா மேடை. தேர்தல் வருஷம் என்றால் கவுன்சிலர் ஒரு மூட்டை அரிசியோடும் கேமராமேனோடும் வருவார். நன்கொடை வாங்கலாமா என்பது கமிட்டியின் முடிவு, நான் தலையிடவில்லை. வாங்கினால் எல்லாக் கட்சிக்கும் ஒரே விதி வைத்து வாங்குங்கள், மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பாவாடை சட்டையில் நிற்கும் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்து, அது மறுநாள் அவருடைய ஃபேஸ்புக்கில் கட்சிச் சின்னத்தோடு வந்தால், அந்தப் பெற்றோரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். அனுமதிப் படிவத்தை வருஷத் தொடக்கத்தில் சேர்க்கையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதில் "கட்சிப் பிரசாரத்துக்கு என் பிள்ளையின் படம் கூடாது" என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.